ஆண்டவர் கைவிட்டுட்டார்னு தோணும்போது எப்படி ஜெபம் பண்றது

கீமோ வார்டுல பக்கத்து சேர்ல உட்கார்ந்திருக்கிற மனைவிக்கு, பிள்ளைய அடக்கம் பண்ணிட்டு வந்து மூணு மாசமாகியும் பைபிளை தொட முடியாத அப்பாவுக்கு, கல்யாணம் குழந்தை வேலைன்னு ஏதோ ஒண்ணுக்காக வருஷக்கணக்கா உபவாசம் போட்டும் ஒண்ணும் நடக்காதவங்களுக்குதான் இத எழுதுறேன். ஆண்டவர் இருக்காரா இல்லையாங்கிற வாதத்துக்குள்ள நான் போகல. அவர் இருக்கார்னு நீங்க நம்புறீங்க, அதனாலதான் இவ்வளவு வலிக்குது, யாருமே இல்லன்னு நினைக்கிறவங்களுக்கு கைவிட்டுட்டாங்கன்னு தோணாதே.

நான் தியாலஜி காலேஜ் படிச்ச ஆள் இல்ல. எங்க சபையில ஆஸ்பத்திரிக்கு விசிட் போற குழுவுல ரொம்ப நாளா இருக்கேன், அவ்வளவுதான். அங்க பாத்ததையும் வேதத்துல படிச்சதையும் வெச்சு ஒரே ஒரு விஷயம்தான் சொல்லப் போறேன், மத்ததெல்லாம் அத எப்படி செய்யிறதுங்கிற விவரம். "ஆண்டவர் என்ன கைவிட்டுட்டார்"னு மனசுக்குள்ளயும் மத்தவங்ககிட்டயும் சொல்லிட்டு இருக்கிறத அப்படியே திருப்பி அவர்கிட்டயே சொல்லுங்க. அது விசுவாச குறைவு இல்ல, அதுவே ஜெபம், அதுவும் வேதம் முழுக்க பரிசுத்தவான்கள் பண்ணின ஜெபம்.

முதல்ல தூங்குனீங்களா, சாப்பிட்டீங்களா

இத ஆவிக்குரிய விஷயம் இல்லன்னு தள்ளிடாதீங்க. 1 இராஜாக்கள் 19 எடுத்து பாருங்க. முந்தின அதிகாரத்துலதான் கர்மேல் மலைல வானத்துல இருந்து அக்கினி இறங்குது, எலியாவோட ஊழியத்துலயே பெரிய வெற்றி அது, அடுத்த அதிகாரத்துல அதே மனுஷன் வனாந்தரத்துல ஒரு சூரைச்செடிக்கு கீழ உட்கார்ந்து "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்"னு சாவு கேக்குறார். அதுக்கு ஆண்டவர் பிரசங்கம் பண்ணல, ஏன் விசுவாசம் இல்லன்னு கேக்கல. தூங்க விட்டார். தேவதூதன் தட்டி எழுப்பி தழல்ல சுட்ட அடையும் தண்ணியும் கொடுத்தான், சாப்பிட்டு திரும்பவும் படுத்துக்கிட்டார், திரும்பவும் எழுப்பி சாப்பிட சொல்லி "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்"னு சொன்னான். ரெண்டு சாப்பாடு, ரெண்டு தூக்கம். ஓரேப் மலைல ஆண்டவர் பேசுறதெல்லாம் அதுக்கப்புறம்தான்.

ஆஸ்பத்திரில பேஷண்ட் கூட இருக்கிற அட்டெண்டர்களுக்கு இது ரொம்ப பொருந்தும். ராத்திரி முழுக்க பெஞ்சுல, காலைல ஒரு டீ, மத்தியானம் பாதி இட்லி, இப்படி பத்து நாள் இருந்தா யாருக்கும் ஆண்டவர் தூரமாதான் தெரிவார். அதனால முதல் வேலை, ஒரு ராத்திரியாவது வேற யாரையாவது உட்கார வெச்சுட்டு வீட்டுக்கு போய் குளிச்சு படுங்க. ஜெபம் காலைல பண்ணிக்கலாம்.

இன்னொன்னும் இதுல இருக்கு. வாரக்கணக்கா தூக்கம் வரல, எதுலயும் பிடிப்பு இல்ல, அழுகையே நிக்கல இல்ல அழுகையே வரல, செத்தா தேவலன்னு தோணுதுன்னா அது டிப்ரஷனா இருக்கலாம், அதுக்கு டாக்டர் இருக்காங்க, மாத்திரை இருக்கு, போங்க. சுகர் மாத்திரை போடுறவங்கள பாத்து உனக்கு விசுவாசம் இல்லன்னு யாரும் சொல்றதில்ல, இதுக்கும் சொல்லக்கூடாது. சாகணும்னு நினைப்பு வந்தா அந்த நிமிஷமே பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட சொல்லுங்க, தனியா இருக்காதீங்க. இந்தியால 14416ங்கிற டெலி மானஸ் மனநல உதவி நம்பருக்கு காசில்லாம கூப்பிடலாம், தமிழ்ல பேசுவாங்க, இலங்கைல 1926. கூப்பிடுறது ஆண்டவர் மேல நம்பிக்கை இல்லாததுக்கு அடையாளம் இல்ல. எலியாவுக்கு தூதன அனுப்பின மாதிரி உங்களுக்கு போன்ல ஒரு ஆள அனுப்ப அவருக்கு தெரியும்.

"என்ன பாவம் செஞ்சேன்"னு தோண்டாதீங்க

நம்ம சபைகள்ல ஜனங்கள ரொம்ப கொல்லுற கேள்வி இதுதான். நோய் வந்த உடனே ஏதோ அறிக்கை செய்யாத பாவம் இருக்கு, முன்னோர் சாபம் இருக்கு, தசமபாகம் சரியா கொடுக்கலன்னு யாராவது ஒருத்தர் வந்து சொல்லிடுவாங்க, படுத்துக்கிடக்கிறவங்க ஏற்கனவே பலவீனமா இருக்காங்க, அத அப்படியே பிடிச்சுக்கிட்டு சின்ன வயசுல இருந்து செஞ்சதெல்லாம் லிஸ்ட் போட ஆரம்பிச்சுடுறாங்க.

இயேசுகிட்டயே இந்த கேள்விய கேட்டிருக்காங்க. யோவான் 9ல பிறவிலயே பார்வை இல்லாத ஒருத்தர காட்டி, பாவம் செஞ்சது இவனா, இவன பெத்தவங்களான்னு சீஷர்கள் கேட்டாங்க, இவன் செய்த பாவமும் இல்ல, பெத்தவங்க செய்த பாவமும் இல்லன்னு அவர் நேரா சொல்லிட்டார். லூக்கா 13ல சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்த விபத்த அவரே எடுத்து பேசுறார், செத்தவங்க எருசலேம்ல இருந்த மத்தவங்கள விட பெரிய பாவிங்கன்னு நினைக்கிறீங்களா, இல்லங்கிறார். அங்கயே எல்லாரும் மனந்திரும்பணும்னும் சொல்றார், அத நான் மறைக்கல, ஆனா அது உயிரோட நின்னு கேட்டுட்டு இருந்தவங்களுக்கு சொன்னது, இடிபாட்டுக்கு அடியில கிடந்தவங்கள பாத்து சொன்னது இல்ல.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸ் முடிஞ்ச மறுநாள், வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்ரீகர்கள சுனாமி அடிச்சுட்டு போச்சு. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் அன்னைக்கு மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்துல குண்டு வெடிச்சப்போ செத்தவங்கள்ல சண்டே ஸ்கூல் முடிச்சுட்டு நின்ன பிள்ளைங்க பலர். இவங்கள விடவா நாம பரிசுத்தமா இருந்துட்டோம்? கஷ்டத்த பாத்து பாவத்தோட அளவ கணக்கு போடுறவங்க இந்த ரெண்டு இடத்துலயும் போய் நின்னு அத சொல்லிப் பாக்கட்டும்.

மனசாட்சிக்கு தெளிவா தெரிஞ்ச ஒரு தப்பு இருந்தா, யாரையாவது ஏமாத்துனது, பேசாம இருக்கிற ஒரு உறவு, அத அறிக்கை பண்ணுங்க, போய் சரி பண்ணுங்க, அறிக்கை பண்ணா அவர் மன்னிப்பார்னு சொல்ற 1 யோவான் 1:9 போதும், ஒரு தடவை அறிக்கை பண்ணா முடிஞ்சது. அதுக்கு மேல எதுன்னே தெரியாம மங்கலா ஒரு குற்ற உணர்வு தொரத்துச்சுன்னா அதுக்கு பின்னாடி போகாதீங்க. முன்னோர் சாபத்த முறிக்க ஸ்பெஷல் காணிக்கை கேக்குறவங்க வீட்டுக்கு வந்தா தண்ணி கொடுத்து அனுப்பிடுங்க.

சங்கீதம் 13ல இருந்து ஆரம்பிங்க

ஜெபிக்க வார்த்தையே வரலன்னா சொந்தமா ஜெபிக்க முயற்சி பண்ணாதீங்க, இருக்கிற ஜெபத்துக்குள்ள போய் உட்கார்ந்துக்கோங்க. 150 சங்கீதத்துல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு புலம்பல்தான். காலண்டர்லயும் வாட்ஸ்அப் வாக்குத்தத்த கார்டுலயும் வர்ற சங்கீதங்கள் மட்டும் தெரிஞ்சவங்களுக்கு இது ஆச்சரியமா இருக்கும். 3, 6, 13, 22, 39, 42, 77, 88, 102, 130, இதெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி பைபிள்ல வெச்சுக்கோங்க. ஆனா ஆரம்பிக்க 13தான் சரி, மொத்தமே 6 வசனம், ஐசியு வாசல்ல நின்னுட்டே வாசிச்சுடலாம்.

முதல் ரெண்டு வசனமும் வெறும் கேள்விதான். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் உம்முடைய முகத்தை எனக்கு மறைப்பீர்?" எதுவரைக்கும்னு நாலு தடவை கேக்குறார் தாவீது. பாருங்க, நீர் என்னை மறந்த மாதிரி எனக்கு தோணுதுன்னு பணிவா சுத்தி வளைச்சு சொல்லல, மறந்துட்டீர்னே சொல்றார். நாம இப்படி பேச பயப்படுறோம், அவர் கோபப்படுவார்னு. ஆனா இது வேதத்துக்குள்ள இருக்கு, பாடகர் தலைவன்கிட்ட கொடுத்து சபையா பாட வெச்சிருக்காங்க.

3, 4 வசனங்கள்ல கேக்குறார், நோக்கிப்பாரும், செவிகொடும், என் கண்களைத் தெளிவாக்கும், இல்லன்னா செத்துடுவேன், எதிரி ஜெயிச்சுட்டேன்னு சொல்லுவான்னு காரணமும் சொல்றார். கடைசி ரெண்டு வசனத்துல "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்"னு முடிக்கிறார். நிலைமை மாறுனதா அங்க எழுதல. சத்துரு அங்கயேதான் இருக்கான். முறையிட்டு, கேட்டு, நம்பிக்கைக்கு திரும்பி, இந்த மூணும் ஒரே மூச்சுல நடக்குது.

இத எப்படி செய்யிறதுன்னா, சத்தமா வாசிங்க, மனசுக்குள்ள வேண்டாம், உதடாவது அசையட்டும். முதல் வசனத்துலயே நின்னுடுச்சுன்னா அங்கயே நில்லுங்க. ஒரு தடவை ஆர்த்தோ வார்டுல ஒரு அக்கா, மகனுக்கு ஆக்சிடெண்ட், நான் 13 முழுசும் வாசிச்சு முடிச்சதும் "அந்த முதல் வரிய மட்டும் திரும்ப படிங்க"ன்னாங்க. படிச்சேன். திரும்பவும் படிக்க சொன்னாங்க. கடைசி வசனத்துக்கு அன்னைக்கு நாங்க திரும்ப போகவே இல்ல. ஒரே உட்காருதல்ல 6 வசனமும் உணர்ந்து முடிச்சாகணும்னு சட்டம் எதுவும் இல்ல. முதல் வசனத்துலயே ஒரு மாசம் இருக்கிறவங்க உண்டு.

முறையிடுறது ஏன் விசுவாசம்னா, கலெக்டர் ஆபீஸ்ல மனு கொடுக்க க்யூல நிக்கிறவர நினைச்சு பாருங்க. இந்த நாற்காலில இருக்கிறவரால இத செய்ய முடியும், செய்ய வேண்டிய பொறுப்பும் அவருக்கு இருக்குன்னு நம்புறதாலதான் அவர் வெயில்ல நிக்கிறார், நம்பிக்கை போனவர் வீட்டுலயே இருந்துடுவார். எவ்வளவு கோபமான மனுவா இருந்தாலும் யார் பேருக்கு எழுதியிருக்குங்கிறதுதான் முக்கியம்.

அப்புறம் உங்க சொந்த சங்கீதத்த எழுதுங்க

சில நாள் 13 வாசிச்சு பழகினதும் ஒரு நோட்ட எடுங்க, போன் நோட்ஸ் கூட போதும், முறையிட்டு, கேட்டு, நம்பிக்கைக்கு திரும்புற அந்த மூணு படியிலயே உங்க கதைய எழுதுங்க. நல்ல தமிழ் தேவையில்ல, வசனம் கலக்கணும்னும் இல்ல. ரெண்டே கண்டிஷன்தான். முதல்ல, "ஆண்டவரே"ன்னு அவர பாத்து எழுதணும், அவர பத்தி எழுதக்கூடாது. ரெண்டாவது, விவரமா எழுதுங்க, "என் கஷ்டங்கள்"னு மொத்தமா எழுதாதீங்க, எந்த கஷ்டம், எத்தனை மணிக்கு, யார் முகம். புருஷன டயாலிசிஸுக்கு கூட்டிட்டு போற ஒரு மனைவி எழுதுனா எப்படி இருக்கும்னு ஒரு மாதிரி போடுறேன், அப்படியே காப்பி பண்ணாதீங்க, உங்க வீட்டு விவரத்த போடுங்க.

"ஆண்டவரே, நாலு வருஷமா கேக்குறேன். இன்னைக்கும் விடியக்காலம் அஞ்சு மணிக்கு வந்து வரிசைல உட்கார்ந்திருக்கேன். ஃபிஸ்டுலா போட்ட கை வீங்கி கிடக்கு, ஊசி குத்தும்போது அவர் என் முகத்த பாக்குறார், என்னால பாக்க முடியாம நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். நீரும் அப்படித்தான் திரும்பிக்கிட்டீரா? பக்கத்து பெட்ல இருந்த தம்பிக்கு கிட்னி கிடைச்சு போயிட்டான், சந்தோஷம்தான், ஆனா எங்க பேர் உமக்கு ஞாபகம் இருக்கா? இன்னைக்கு நாலு மணி நேரமும் பிரஷர் இறங்காம முடியணும். அவருக்கு கால்ல தசை பிடிக்கக்கூடாது. எனக்கு அவர்மேல எரிஞ்சு விழாத வாய் வேணும். போன ஜூன்ல பிள்ளைங்க ஃபீஸுக்கு நான் நினைக்காத இடத்துல இருந்து பணம் வந்துச்சு, அத நான் மறக்கல. நாளைக்கழிச்சும் இங்கதான் இருப்பேன், உம்மகிட்டதான் பேசுவேன். ஆமென்."

கடைசி பகுதில பெரிய வெற்றி அறிக்கை எதுவும் இல்ல பாருங்க. ஒரே ஒரு பழைய நன்மைய ஞாபகப்படுத்துறாங்க, திரும்ப வருவேன்னு சொல்றாங்க. அவ்வளவு போதும். உள்ளுக்குள்ள இல்லாத தைரியத்த வாயால அறிக்கை பண்ணி பண்ணி களைச்சுப் போனவங்கள நிறைய பாத்திருக்கேன், அதுக்கு பதிலா உண்மைல உங்ககிட்ட இருக்கிற கடுகளவு நம்பிக்கைய மட்டும் எழுதுங்க.

கேக்குற பகுதியயும் சின்னதா வைங்க. பூரண சுகம் வேணும்னு கேளுங்க, கேக்கலாம், கேக்கணும். அதோட இன்னைக்கு ராத்திரி மட்டும் வேண்டிய ஒண்ணையும் கேளுங்க. பவுல் தன் உடம்புல முள்ளுன்னு சொன்ன ஒரு வேதனை நீங்க மூணு தடவை வேண்டினார், முள் போகல, "என் கிருபை உனக்குப்போதும்"ங்கிற பதில்தான் வந்துச்சு. அந்த பதில ஆண்டவர் பவுலுக்கு நேரா சொன்னார், உங்களுக்கும் சொன்னா ஏத்துக்கோங்க, ஆனா பக்கத்து வீட்டு அண்ணன் அவர் சார்பா முந்திக்கிட்டு வந்து சொல்ல வேண்டியதில்ல, நீங்களும் மூணு தடவையோட நிறுத்தணும்னு இல்ல.

நம்பிக்கை பக்கம் திரும்பவே முடியலன்னா

அதுக்கு 88ஆம் சங்கீதம் இருக்கு. சங்கீதங்கள்லயே ரொம்ப இருட்டானது, எஸ்ராகியனான ஏமான் பேர்ல இருக்கு. மத்த புலம்பல்கள் எங்கயாவது ஒரு இடத்துல வெளிச்சத்துக்கு திரும்பும், இது திரும்பல. "நீர் ஏன் என் ஆத்துமாவைத் தள்ளிவிடுகிறீர்? ஏன் உமது முகத்தை எனக்கு மறைக்கிறீர்?"னு கேட்டு, சிநேகிதன் தோழன் எல்லாரையும் தூரமாக்கிட்டீர்னு சொல்லி அப்படியே முடிஞ்சுடுது. பதில் வரல, ஸ்தோத்திரமும் வரல. ஆனா முதல் வசனத்த பாருங்க, "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே"ன்னுதான் கூப்பிட ஆரம்பிக்கிறார், மொத்த சங்கீதத்துலயும் இருக்கிற நம்பிக்கை அந்த ஒரு விளிப்புலதான் இருக்கு. உங்களால இன்னைக்கு "ஆண்டவரே"ங்கிறதுக்கு மேல ஒரு வார்த்தையும் சொல்ல முடியலன்னா ஏமான் பக்கத்துல உங்களுக்கு இடம் இருக்கு. அதுவும் முடியலன்னா ரோமர் 8:26, வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோட ஆவியானவர் நமக்காக வேண்டுதல் செய்யிறார். பெருமூச்சு விடுறதுக்கு யாருக்கும் தனியா வரம் தேவைப்படல.

புலம்பல் புஸ்தகமும் இப்படித்தான். கிமு ஆறாம் நூற்றாண்டுல பாபிலோன் ராணுவம் எருசலேமையும் ஆலயத்தையும் அழிச்சதுக்கு அப்புறம் வந்த பாட்டுங்க. "அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை"ங்கிற வசனம் நம்ம எல்லார் வீட்டு சுவர்லயும் தொங்குது, அதே 3ஆம் அதிகாரத்துல "ஜெபம் உட்பிரவேசிக்கக்கூடாதபடிக்கு உம்மை மேகத்தால் மூடிக்கொண்டீர்"னும் இருக்கு, அத யாரும் ஃப்ரேம் போடல. ரெண்டையும் ஒரே ஆள் ஒரே பாட்டுல சொல்றார். முதல்ல ஒண்ணு சரி, அப்புறம் அது தப்புன்னு இல்ல. இரக்கம்னு சொன்னதுக்கு அப்புறம்தான் மேகம்னு சொல்றார், வரிசைய கவனிச்சு வாசிங்க. நேத்து நல்லா ஜெபிச்சுட்டு இன்னைக்கு திரும்ப உடைஞ்சு போனா நீங்க பின்வாங்கிட்டீங்கன்னு அர்த்தம் இல்ல.

நாலாவது வார்த்தை

பெரிய வெள்ளிக்கிழமை பகல் 12ல இருந்து 3 மணி வரைக்கும் மும்மணி தியானத்துல நம்ம சபைகள்ல இயேசு சிலுவைல பேசின ஏழு வார்த்தைகள பிரிச்சு ஆளுக்கு ஒண்ணா பேசுறாங்கல்ல. அதுல நாலாவது, "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" லூக்கா மூணு வார்த்தை எழுதியிருக்கார், யோவான் மூணு, மத்தேயுவும் மாற்குவும் சிலுவைல இருந்து எழுதினது இந்த ஒண்ண மட்டும்தான். மாற்கு சுவிசேஷத்த மட்டும் கையில வெச்சிருந்த ஒரு சபைக்கு, சிலுவைல ஆண்டவர் பேசின ஒரே வாக்கியம் இதுதான்.

இது 22ஆம் சங்கீதத்தோட முதல் வரி, அந்த சங்கீதம் கடைசில துதிக்கு போகுது, அதனால இயேசு மனசுல முழு சங்கீதமும் இருந்துச்சுன்னு நிறைய பேர் விளக்குவாங்க, அது சரியா கூட இருக்கலாம். ஆனா அந்த விளக்கத்த வெச்சு அவர் நிஜமா கதறலன்னு ஆக்கிடாதீங்க. அந்த சங்கீதத்துல துதி வர்றதுக்கு முன்னாடி இருபதுக்கு மேல வசனம் இருக்கு, கை கால உருவக் குத்தினாங்க, துணிய பங்கு போட்டாங்க, நாக்கு மேல்வாய்ல ஒட்டிக்கிச்சுன்னு. அவர் அது வழியாத்தான் போனார். எபிரேயர் 5:7 அவர் பலத்த சத்தத்தோடயும் கண்ணீரோடயும் வேண்டினார், கேக்கப்பட்டார், அதாவது அவர் ஜெபம் கேக்கப்பட்டுச்சுன்னு சொல்லுது. கேக்கப்பட்டார்னு எழுதியிருக்கு, ஆனா என்ன விட்டு நீங்கட்டும்னு அவர் வேண்டின பாடுகளோட பாத்திரம் நீங்கல, சிலுவைல செத்தார், மூணாம் நாள்தான் கல்லறை திறந்துச்சு. கேக்கப்படுறதும் நாம கேட்டபடியே உடனே நடக்கிறதும் ஒண்ணு இல்லன்னு எனக்கு வேற எந்த வசனமும் இவ்வளவு அழுத்தமா சொன்னதில்ல.

ஜெர்மனில யூர்கன் மோல்ட்மான்னு ஒரு இறையியலாளர், 2024ல தான் காலமானார். 1943 ஜூலைல ஹாம்பர்க் நகரத்து மேல குண்டு போட்டப்போ அவருக்கு 17 வயசு, பக்கத்துல நின்ன நண்பன் செத்துட்டான், இவர் பிழைச்சார். ஆண்டவர நம்புற குடும்பம் எல்லாம் இல்ல, அன்னைக்கு ராத்திரிதான் முதல் தடவை தேவனே நீர் எங்கன்னு கேட்டார். அப்புறம் போர்க்கைதியா ஸ்காட்லாந்து முகாம்ல இருந்தப்போ ஒரு சாப்ளின், அதாவது ராணுவ போதகர், கொடுத்த பைபிள்ல 39ஆம் சங்கீதம் கண்ணுல பட்டுச்சு, "என் கண்ணீருக்கு மவுனமாயிராதேயும்"னு வர்ற சங்கீதம், அதுக்கப்புறம் மாற்குல இந்த கதறல். என்ன புரிஞ்சவர் ஒருத்தர் இருக்கார்னு அங்கதான் தெரிஞ்சுச்சுன்னு பிற்காலத்துல சொல்லியிருக்கார். அவர் வாழ்நாள் முழுக்க எழுதின இறையியல் அங்க இருந்து வந்தது.

இத ஜெபத்துல எப்படி கொண்டு வர்றதுன்னா, ரொம்ப சிம்பிள். நீங்க "ஏன் என்னைக் கைவிட்டீர்"னு சொல்லும்போது அத தனியா சொல்லல, அவரோட சேந்து சொல்றீங்க. ராத்திரி தூக்கம் வராம கிடக்கும்போது சிலுவைய கற்பனை பண்ணி பெரிய தியானம் எல்லாம் வேண்டாம், "இயேசுவே, நீரும் இத சொன்னீர்"னு ஒரு வரி சொன்னா போதும்.

வருஷக்கணக்கா போனா

சிலருக்கு இது மாசத்துல தீராது. மதர் தெரசா கல்கத்தால வேலைய ஆரம்பிச்ச காலத்துல இருந்து சாகுற வரைக்கும், நடுவுல கொஞ்ச காலம் தவிர, ஏறக்குறைய ஐம்பது வருஷம் ஆண்டவரோட பிரசன்னத்த உணரவே இல்ல. தன்னோட ஆன்மிக வழிகாட்டிகளுக்கு எழுதின கடிதங்கள அழிச்சுடுங்கன்னு அவங்க கேட்டிருந்தும், இறந்து பத்து வருஷம் கழிச்சு 2007ல வெளிய வந்ததாலதான் உலகத்துக்கே தெரிஞ்சது. உணர்வு இல்லாமலே காலைல எழுந்து ஜெபிச்சு, சாகக் கிடந்தவங்கள தூக்கி கழுவிட்டு இருந்தாங்க. புராட்டஸ்டண்ட் ஆட்கள் இத கேட்டு தள்ளிப் போக வேண்டாம். ஆங்கிலத்துல புகழ்பெற்ற பாமாலைகள எழுதின வில்லியம் கௌப்பர், 1773க்கு அப்புறம் 1800ல சாகுற வரைக்கும் ஆண்டவர் தன்ன தள்ளிட்டார்னே நம்பிட்டு இருந்தார், கடுமையான மனநோய், அவர் பாட்டுங்க இன்னைக்கும் சபைய தேத்துது.

இது வெறும் சோர்வா, நோயா, இல்ல ஆண்டவர் நம்மள வேற விதமா நடத்துறாரான்னு எப்படி பாக்குறது? ஸ்பெயின்ல சிலுவையின் புனித யோவான்னு ஒரு துறவி, 1577 டிசம்பர்ல அவர அவரோட சொந்த கார்மேல் சபை துறவிகளே பிடிச்சு டொலேடோவுல ஒரு சின்ன இருட்டறைல எட்டு ஒன்பது மாசம் அடைச்சு வெச்சாங்க, அங்கயே கவிதை பாடினவர். அவர் மூணு அடையாளம் சொல்றார். ஜெபத்துல ருசி போன மாதிரியே மத்த எதுலயும் ருசி இல்லாம இருக்கும். ஆண்டவர நான் சரியா சேவிக்கலயேன்னு ஏக்கம் உள்ள அரிச்சுட்டே இருக்கும். முன்ன மாதிரி யோசிச்சு தியானிக்க வராது. முதல் அடையாளம் மட்டும் இருந்தா அது உடம்பு சம்பந்தப்பட்ட மனச்சோர்வா இருக்கலாம்னு 16ஆம் நூற்றாண்டுலயே அவர் எச்சரிச்சிருக்கார். ரெண்டும் சேந்தே இருக்கலாம்னும் சொல்றார். அதனால இத நீங்களே தனியா முடிவு பண்ணாதீங்க, நம்பிக்கையான ஒரு சபை ஐயர் (போதகர்), ஃபாதர், வயசான விசுவாசி யாராவது ஒருத்தர்கிட்ட மாசத்துக்கு ஒரு தடவையாவது போய் உட்கார்ந்து பேசுங்க. அப்புறம் ஜெப நேரத்த குறைச்சுக்கோங்க, ஆனா விடாதீங்க. ஒரு மணி நேரம் ஜெபிச்சவங்க அஞ்சு நிமிஷமாக்கிட்டு அதே நேரத்துக்கு உட்காருங்க.

ஞாயிற்றுக்கிழமைய என்ன பண்றது

போங்க, பின்னாடி பெஞ்சுல உட்காருங்க. துதி பாட்டு பாட வரலன்னா வாயசைக்க வேண்டாம், சும்மா நில்லுங்க, சுத்தி இருக்கிறவங்க உங்களுக்கும் சேத்து பாடட்டும், சபைன்னு ஒண்ணு இருக்கிறதே அதுக்குத்தான். திருவிருந்துக்கு மட்டும் தவறாம போங்க, கைய நீட்டுனா போதும், அங்க நீங்க எதையும் உணர்ந்தாகணும்னு யாரும் கேக்கல, அப்பம் வந்துடும். சாட்சி நேரத்துல மத்தவங்களுக்கு கிடைச்ச அற்புதத்த கேக்கும்போது வயிறு எரிஞ்சா அதையும் ராத்திரி நோட்டுல எழுதுங்க, ஆண்டவரே அவங்களுக்கு செஞ்சீரே எனக்கு ஏன் இல்லன்னு. ஆராதனை முடிஞ்சதும் எல்லாரும் "எப்படி இருக்கீங்க"ன்னு கேக்குறத தாங்க முடியலன்னா கடைசி பாட்டுலயே கிளம்பிடுங்க, தப்பில்ல.

பக்கத்துல இருக்கிறவங்களுக்கு

பிள்ளைங்க, சொத்து, சுகம்னு எல்லாத்தையும் இழந்த யோபுவோட மூணு சிநேகிதரும் ஏழு ராத்திரி ஏழு பகல் ஒரு வார்த்தையும் பேசாம தரைல கூட உட்கார்ந்திருந்தாங்க. அவங்க செஞ்சதுலயே சரியான காரியம் அதுதான். வாய திறந்ததுக்கு அப்புறம்தான் எல்லாம் கெட்டுச்சு, அவங்க சொன்னது பெரும்பாலும் வேத வசனம் மாதிரியேதான் இருக்கும், நல்லவனுக்கு நல்லது நடக்கும், நீ மனந்திரும்புன்னு. கடைசி அதிகாரத்துல ஆண்டவர் எலிப்பாஸ்கிட்ட "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை"ங்கிறார். அவ்வளவு அதிகாரம் முறையிட்டு சண்டை போட்ட யோபு சரியா பேசினானாம், ஆண்டவருக்கு வக்காலத்து வாங்கினவங்க சரியா பேசலயாம்.

அதனால துக்க வீட்டுல "அவருக்கு பிரியமானவங்கள சீக்கிரம் எடுத்துப்பார்"னு சொல்லாதீங்க, பிள்ளைய இழந்த தாய்க்கு அது எப்படி கேக்கும்னு யோசிங்க. ஆண்டவர நேசிக்கிறவங்களுக்கு எல்லாம் நன்மைக்கேதான்ங்கிற ரோமர் 8:28 உண்மைதான், ஆனா அத பவுல் தன் கஷ்டத்துக்குள்ள இருந்து சொன்னார், அத அடுத்தவங்க சவப்பெட்டி பக்கத்துல நின்னு எடுத்து விடாதீங்க. லாசரு செத்து நாலு நாள் கழிச்சு வந்த இயேசுகிட்ட மார்த்தாளும் மரியாளும் நீர் இங்க இருந்திருந்தா என் சகோதரன் செத்திருக்க மாட்டான்னு ஒரே குறைய சொன்னாங்க. அவர் ரெண்டு பேரையும் திட்டல, இன்னும் சில நிமிஷத்துல எழுப்பப் போறோம்னு தெரிஞ்சும் அழுதார்.

போகும்போது கேரியர்ல சாப்பாடு கொண்டு போங்க, பாத்திரத்த திருப்பி வாங்க வேண்டாத டப்பால. "எதாவது வேணும்னா சொல்லுங்க"ன்னு சொல்லாதீங்க, அவங்க சொல்ல மாட்டாங்க, வியாழக்கிழமை ராத்திரி நான் வார்டுல படுத்துக்கிறேன், நீங்க வீட்டுக்கு போங்கன்னு நாள குறிச்சு சொல்லுங்க. அடக்கம் முடிஞ்சு சொந்தக்காரங்கெல்லாம் ஊருக்கு போனதுக்கு அப்புறம், மூணாவது மாசம், பிறந்த நாள், முதல் கிறிஸ்துமஸ், இந்த தேதிங்கள போன்ல ரிமைண்டர் போட்டு வெச்சு அன்னைக்கு போங்க, போயிட்டவங்க பேர சொல்லியே பேசுங்க, பேர தவிர்க்கிறதுதான் வீட்டுல இருக்கிறவங்களுக்கு கூட வலிக்குது. ஜெபிக்க சொன்னா சின்னதா ஜெபிங்க, அவங்க சார்பா ஆண்டவர்கிட்ட கேள்விய கேளுங்க, "ஆண்டவரே, இவங்களுக்கு ரொம்ப வலிக்குது, எதுவரைக்கும்"னு, பதிலையும் நீங்களே சொல்லி முடிச்சுடாதீங்க. ஜெபம் வேண்டாம்னு அவங்க சொன்னா வற்புறுத்தாம டீய குடிச்சுட்டு வந்துடுங்க, அவங்களுக்காக உங்க வீட்டுல இருந்து பண்ணுங்க, அடுத்த வாரமும் போங்க.